எயார் ரைபிள் குறி தப்புகிறதா? அறிகுறியை வைத்துப் பிழை பிடிக்கலாம்

கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் இருக்கும் நம்மவர்கள் சிலர் .223 ரைபிளுக்குத் தாங்களே தோட்டா கட்டுவதைப் பற்றிக் கதைப்பார்கள். வெற்றுக் கோது, ப்ரைமர், வெடிமருந்து, சன்னம் எல்லாவற்றையும் தனித்தனியாக வாங்கி, மருந்தைத் தராசில் நிறுத்து, தங்கள் குழலுக்கு எந்த அளவு ஒத்துவருகிறது என்று தேடிக்கொண்டே இருப்பார்கள். கொழும்பில் அந்தக் கதை எடுபடாது. 1916ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டமும் 1956ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டமும் இருக்கிற இடத்தில் வீட்டு மேசையில் மருந்து நிறுப்பதை நினைத்தும் பார்க்க வேண்டாம். நமக்குக் கைக்கு எட்டுவது பள்ளிக்கூடத்திலோ கழகத்திலோ சுடும் 10 மீற்றர் எயார் ரைபிள். டோக்கியோ ஒலிம்பிக்கில் டெஹானி எகொடவெல இலங்கைக்காகச் சுட்டதும் இந்தப் போட்டியில்தான். மருந்துக்குப் பதில் அடைத்த வளி, தோட்டாவுக்குப் பதில் ரின்னில் வரும் பெலட் என்ற சின்ன ஈயக் குண்டு. குறி ஏன் தப்புகிறது என்ற தலையிடி மட்டும் அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான்.

முதலில் அளவுகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பெலட்டின் விட்டம் 4.5 மி.மீ. இலக்கில் பத்துப் புள்ளி என்பது 0.5 மி.மீ அகலமான ஒரு பொட்டு, அவ்வளவுதான். ஒரு வளையத்துக்கும் அடுத்த வளையத்துக்கும் இடைவெளி 2.5 மி.மீ, ஆகவே தசமப் புள்ளி ஒவ்வொன்றும் கால் மில்லிமீற்றர். கீழே எதைச் சொன்னாலும் இந்தக் கால் மில்லிமீற்றரை வைத்துத்தான் அது பெரிய பிழையா, சும்மா பயமா என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது, எந்தச் சாமானையும் கழற்றுவதற்கு முன் ரைபிளில் பிழையா ஆளில் பிழையா என்பதைப் பிரித்துவிடுங்கள். மேசையில் மணல் பை வைத்து, ரைபிளின் முன்கட்டையை அதில் அமர்த்தி (குழலையோ சிலிண்டரையோ பையில் முட்டவிடாமல்), ஒரே ரின் பெலட்டில் 10 வெடி ஒரே இலக்கில் சுடுங்கள். மூன்று வெடியில் வரும் அழகான ஓட்டையைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் போடலாம், அதிலிருந்து முடிவு எடுக்க முடியாது. போட்டித்தர ரைபிளும் போட்டித்தரப் பெலட்டும் என்றால் பத்தும் சேர்ந்த ஓட்டையின் (இதைத்தான் குரூப் என்பார்கள்) வெளிவிளிம்பு கிட்டத்தட்ட 6 மி.மீக்குள் அடங்கும். அடங்கினால் ரைபிளை விடுங்கள், பிழை நிற்கும் முறையில். அடங்காவிட்டால் கீழே வாருங்கள், ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பெலட்டையும் மாற்றி, ஸ்குரூவையும் இறுக்கி, குழலையும் துடைத்துவிட்டு "இப்ப சரி" என்று சொல்கிறவருக்கு எது சரிசெய்தது என்று கடைசிவரை தெரியாது. அடுத்த மாதம் அதே பிழை வரும்போது மூன்றையும் திரும்பச் செய்வார்.

மணல் பையிலும் குரூப் விரிகிறது

பத்துக்கு ஏழு தரம் பெலட்தான். ஆர்டபிள்யூஎஸ், எச் அண்ட் என், ஜேஎஸ்பி என்று நல்ல பெயர்கள் இருக்கின்றன, ஆனால் "எது திறம்" என்ற கேள்விக்குப் பதில் கிடையாது. உங்கள் குழலுக்கு எது திறம் என்பதற்குத்தான் பதில் உண்டு. ஒரே கம்பனி ஒரே பெலட்டையே 4.49, 4.50, 4.51 என்று வெவ்வேறு தலை அளவில் (பெலட்டின் முன்பக்க விட்டம், மி.மீ) விற்கிறது, நூறில் ஒரு மில்லிமீற்றர் வித்தியாசம்தான். அந்த வித்தியாசத்துக்கு ஒரு குழல் ஓட்டையை இரண்டு மடங்காக விரித்துக் காட்டும், பக்கத்து ரைபிள் கவனிக்கவே கவனிக்காது. ஆகவே இரண்டு மூன்று அளவில் ஒவ்வொரு ரின் எடுத்து, ஒவ்வொன்றிலும் 10 வெடிக் குரூப் சிலது போட்டுப் பாருங்கள். ஒத்துவந்த ரின்னின் பின்பக்கத்தில் ஒட்டியிருக்கும் லொட் இலக்கத்தை (ஒரே தடவையில் செய்த தொகுதியின் இலக்கம்) எழுதி வைத்து, அதே லொட்டில் கழகத்தார் எல்லோருமாகச் சேர்ந்து வாங்குங்கள். இங்கே பெலட் எப்போது வரும், எப்போது தீரும் என்று சொல்ல முடியாத நிலையில் இதைவிட நல்ல செலவு இல்லை.

தலை அளவுக்கு அடுத்தது பெலட்டின் நிலை. ஒரு பெலட்டை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, பின்பக்கம் விரிந்திருக்கும் மெல்லிய விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். வட்டம் வட்டமாக இருக்க வேண்டும். ஓர் இடம் நசுங்கித் தட்டையாகவோ, முட்டை மாதிரி நீண்டோ இருந்தால் அதைப் பழகும் பெட்டியில் போடுங்கள். ரின்னைக் கீழே போட்டால், அல்லது முச்சக்கர வண்டியில் ஒவ்வொரு குழியிலும் குலுங்கவிட்டால், ஈயம் ஈயத்தோடு மோதி விளிம்பு நசுங்கும். ரின்னுக்குள் மேலே ஒரு துண்டு ஸ்பொஞ்ச் வைத்து மூடினால் போதும்.

வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் கடற்கரைப் பக்கம் வீடு இருப்பவர்களுக்கு இன்னொன்று. ஜன்னல் கிரில்லைத் தின்னும் அதே காற்றுத்தான் பெலட்டுக்கும் படுகிறது. திறந்து வைத்த ரின்னில் கொஞ்ச நாளில் பெலட்டின் மேல் மங்கலாக வெள்ளை மா பூத்தது போல் வரும், தொட்டால் விரலில் ஒட்டும். அது ஈயம் ஈரலிப்போடு சேர்ந்து வந்த தூள். அந்தப் பெலட்டைக் கழுவிக் காயவைத்துச் சுடலாம் என்று சிலர் சொல்வார்கள், நான் சுடமாட்டேன். அந்தத் தூள் குழலுக்கும் கூடாது, மூச்சுக்கும் கூடாது. சிலிக்கா ஜெல் பொதி ஒன்றோடு காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் இந்தப் பிரச்சினையே வராது. எந்தப் பெலட்டாக இருந்தாலும் சுட்ட கையோடு வடையைத் தூக்கக் கூடாது. சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டுத்தான் ரீ, சோட்டீஸ் எல்லாம். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடு என்றால் ரின்னைப் பூட்டி வையுங்கள்.

நிறை பார்ப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் தோட்டா கட்டுகிறவர்களின் காணொளியைப் பார்த்துவிட்டு இங்கேயும் ஆட்கள் செட்டியார் தெரு நகைக்கடைத் தராசு மாதிரி ஒன்றை வாங்கி வைத்துப் பெலட் நிறுக்கிறார்கள். கணக்கைப் பாருங்கள். பெலட் 0.53 கிராம், வேகம் செக்கனுக்கு 170 மீற்றர் அளவில். நிறை நூற்றுக்கு ஒரு வீதம் கூடினால், அதாவது 0.005 கிராம், வேகம் அரை வீதம்தான் குறையும், செக்கனுக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு. 10 மீற்றர் தூரத்தில் அதனால் பெலட் கீழே இறங்குவது 0.2 மி.மீக்கும் குறைவு. ஒரு தசமப் புள்ளி கூட இல்லை. நல்ல ரின்னில் அவ்வளவு வித்தியாசமே அபூர்வம். போட்டிக்கு முதல் நாள் நித்திரை வராமல் இருந்தால் நிறுங்கள், மற்றபடி அந்த நேரத்துக்கு விளிம்பைப் பாருங்கள்.

குரூப் நல்லது, ஆனால் ஒன்றிரண்டு மட்டும் தனியே ஓடுகிறது

நசுங்கிய விளிம்பு என்பது முதல் சந்தேகம், அதை மேலே சொல்லிவிட்டேன். இரண்டாவது, பெலட்டை வைக்கும் விதம். அவசரத்தில் விரல் நுனியால் தள்ளும்போது பெலட் சரிந்து உட்காரும், பிறகு மூடும் போல்ட் அதை நேராக்குவதற்குப் பதில் ஒரு பக்கத்தைச் சுரண்டிக்கொண்டு போகும். சுட்ட பிறகு பெலட் கிடக்கும் அந்தச் சின்னப் பள்ளத்தில் பளபளவென்று ஈயச் சீவல் கிடந்தால் இதுதான் நடக்கிறது. பெலட்டைப் பள்ளத்தில் நேராகக் கிடத்தி, லீவரை ஒரே சீராக மூடிப் பழகுங்கள்.

இவை இரண்டும் இல்லையென்றால் ஓடிய வெடியை நீங்கள் விட்ட நேரத்திலேயே "இது கெட்டது" என்று உணர்ந்தீர்களா என்று நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். உணர்ந்திருந்தால் பெலட்டில் பழி போட வேண்டாம்.

குரூப் மேலும் கீழுமாக நீள்கிறது

மணல் பையிலும் இப்படி வந்தால் வேகம் சீராக இல்லை. செக்கனுக்கு ஒரு மீற்றர் வித்தியாசத்துக்கு 0.2 மி.மீ என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகம் 170இலிருந்து 160க்கு விழுந்தால் பெலட் 2 மி.மீக்கு மேல் இறங்கும், அது கிட்டத்தட்ட ஒரு முழு வளையம். முதலில் வளி அடைத்திருக்கும் சிலிண்டரின் அழுத்த மானியைப் பாருங்கள். 200 பார் (அழுத்தத்தின் அலகு) அளவுக்கு நிரப்பிய சிலிண்டரில் ரெகுலேற்றர் அழுத்தத்தைச் சீராக வெட்டிக் கொடுக்கும், ஆனால் சிலிண்டர் அழுத்தம் ரெகுலேற்றரின் அளவுக்குக் கீழே போய்விட்டால் ஒவ்வொரு வெடியும் முந்தியதைவிடக் கொஞ்சம் கீழே போகும். பிள்ளைகள் மானி சிவப்புக்கு வந்த பிறகும் "இன்னும் பத்து வெடி" என்று சுட்டுக்கொண்டே இருப்பார்கள், பிறகு குறி பார்க்கும் பார்வையை (சைட்) திருகுவார்கள். நிரப்பிவிட்டு வந்தால் எல்லாம் மேலே போகும். அப்புறம் அழுகை.

மானி நன்றாக இருக்கிறது, ஆனால் ரைபிளைக் கொஞ்ச நேரம் வைத்துவிட்டுச் சுடும் முதல் வெடி மட்டும் இடம் மாறுகிறது என்றால் ரெகுலேற்றர் மெல்லக் கசிந்து, காத்திருக்கும் நேரத்தில் அழுத்தத்தைக் கூட்டிவிடுகிறது. இது திருத்துபவரின் வேலை. கையில் அலன் கீ இருக்கிறது என்பதற்காக அழுத்தத்தில் இருக்கும் எதையும் திறக்கக் கூடாது. இந்தக் கட்டுரையில் நான் கத்திச் சொல்ல நினைக்கும் ஒரே வரி இதுதான்.

மணல் பையில் நல்ல குரூப், நின்று சுடும்போது மட்டும் நீள்கிறது என்றால் மூச்சும் கன்னமும். மூச்சை ஒவ்வொரு தரமும் ஒரே இடத்தில் நிறுத்துகிறீர்களா? கன்னம் வைக்கும் பலகையில் முகத்தின் பாரம் அதே அளவில் விழுகிறதா? ஏசி இல்லாத மண்டபத்தில் அந்தத் தடித்த கன்வஸ் ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு நின்றால் அரை மணியில் வியர்த்து, கன்னம் வழுக்கி, கண் பார்வைத் துளைக்கு நடுவில் நிற்காது. துவாய் ஒன்றை மேசையில் வைத்து, நான்கைந்து வெடிக்கு ஒரு முறை முகத்தையும் பலகையையும் துடைப்பது புள்ளிக்கு நல்லது. 60 வெடிக்கு 75 நிமிடம் இருக்கிறது, ஓட வேண்டாம்.

குரூப் இடமும் வலமுமாக அகல்கிறது

இது ரைபிளில் வருவது அபூர்வம், ஆளில் வருவது வழக்கம். நின்று குறி பார்த்தபடி கண்ணை மூடி, இரண்டு மூச்சு விட்டுத் திறங்கள். பார்வை இலக்கைவிட்டு ஒரு பக்கம் போயிருந்தால் உங்கள் உடம்பு அந்தப் பக்கம்தான் போக விரும்புகிறது, நீங்கள் கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். கையைத் திருத்தாமல் பின்காலைக் கொஞ்சம் நகர்த்துங்கள்.

அடுத்தது ரைபிள் சாய்வது. சாய்த்துப் பிடிப்பது பிழை இல்லை, ஒவ்வொரு தரமும் வேறு வேறாகச் சாய்ப்பதுதான் பிழை. 170 மீற்றர் வேகத்தில் பெலட் 10 மீற்றருக்குள் ஏறத்தாழ 17 மி.மீ விழுகிறது. அதை ஈடுகட்டத்தான் குழல் பார்வைக் கோட்டைவிட மேல்நோக்கி இருக்கிறது. ரைபிள் 5 பாகை சாய்ந்தால் அந்த மேல்நோக்கில் ஒரு பங்கு பக்கத்துக்குப் போய்விடும், சாய்ந்த பக்கம் 1.5 மி.மீ அளவுக்குப் பெலட் விலகும். அரை வளையத்துக்கும் கூட. இலக்குக்குப் பக்கத்தில் மேசன்மார் பாவிக்கும் தூக்குக்குண்டு ஒன்றைத் தொங்கவிட்டு, முன்பார்வையில் இருக்கும் வளையத்தின் நிமிர்ந்த தண்டு அந்த நூலுக்கு ஒத்து நிற்கிறதா என்று ஒவ்வொரு வெடிக்கும் முன் பாருங்கள். காசு செலவு இல்லை.

குரூப் இறுக்கம்தான், ஆனால் முழுவதும் வேறு இடத்துக்குப் போய்விட்டது

நேற்றுப் பத்தில் இருந்தது இன்று எட்டில் என்றால் பார்வையைத் திருகும் கையைக் கட்டுங்கள். பின்பார்வையைப் பிடித்து மெல்ல ஆட்டிப் பாருங்கள், முன்பார்வையையும் அப்படியே. பிறகு குழலைக் கட்டையோடு பிணைக்கும் ஸ்குரூக்கள். மரக்கட்டை உள்ள பழைய ரைபிள் என்றால் ஒக்டோபர், நவம்பர் மழையில் மரம் ஈரலிப்பு ஏறி ஊதும், காய்ந்த காலத்தில் சுருங்கும், ஸ்குரூவின் இறுக்கம் அதோடு மாறும். கையேட்டில் சொன்ன இறுக்கத்துக்கு அளவு காட்டும் ஸ்பேனரால் இறுக்குங்கள். "இன்னும் கொஞ்சம்" என்று சுற்றினால் மரம் வெடிக்கும். அலுமினியக் கட்டையில் இந்த ஊதல் இல்லை, ஆனால் ஸ்குரூ தளர்வது அதிலும் உண்டு.

வெளிச்சத்தையும் மறக்க வேண்டாம். ஒரு ரியூப் லைட் போய்விட்ட மண்டபத்தில் கறுப்பு வட்டம் முன்வளையத்துக்குள் வேறு மாதிரித் தெரியும், குரூப்பும் அதோடு நகரும். ரைபிளில் ஒன்றுமே இல்லை.

நிரப்பி வைத்த சிலிண்டரில் அழுத்தம் குறைகிறது

வேகமாக நிரப்பினால் வளி சூடாகும், சூட்டில் மானி 200 காட்டும், அரை மணியில் ஆறியதும் 185 காட்டும். அது கசிவு இல்லை. மெதுவாக நிரப்பி, ஆறவிட்டு, மீண்டும் கொஞ்சம் நிரப்புங்கள். அடுத்த நாளும் குறைந்துகொண்டே போனால்தான் கசிவு. சவர்க்கார நுரையை மூட்டுகளில் தடவினால் குமிழி வரும் இடத்தில் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) போயிருக்கும்.

இதன் மறுபக்கம் வெயில். வாகனத்துக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு ரைபிளை வைத்துப் போனால், உள்ளே வெப்பம் 65 பாகைக்கு ஏறும்போது 27 பாகையில் 200 பார் இருந்த சிலிண்டர் 225ஐத் தொடும். சிலிண்டரில் பொறித்திருக்கும் காலாவதித் திகதியையும் பாருங்கள், பலவற்றுக்குப் பத்து வருடம். பாவித்த ரைபிளை மலிவாக வாங்கிவிட்டு இதைப் பார்க்காதவர்கள் நிறையப் பேர். திகதி போன சிலிண்டருக்குப் போட்டியிலும் அனுமதி இல்லை, முகத்துக்குப் பக்கத்தில் வைத்துச் சுடவும் அது உகந்தது இல்லை.

எதால் நிரப்புகிறீர்கள்? சுழியோடிகள் மூச்சுவிடப் பாவிக்கும் வளிதான் நல்லது, அது வடிகட்டி உலர்த்தியது. கைப்பம்பில் அடித்தால் கொழும்பின் ஈரலிப்பு முழுவதும் உள்ளே போகும், ஈரம் பிடிக்கும் வடிகட்டி இல்லாத பம்பைத் தொடாதீர்கள். ஒக்சிசன் சிலிண்டரில் நிரப்புவது உயிராபத்து. உயர் அழுத்த ஒக்சிசனும் கொஞ்சம் கிரீசும் சேர்ந்தால் தீப்பொறி கூடத் தேவையில்லை.

நாளாக நாளாக மெல்ல மோசமாகிறது

குழலில் ஈயம் ஒட்டியிருக்கும், அல்லது துரு. மெல்லிய மீன்பிடி நைலோனில் பருத்தித் துணித் துண்டு கட்டி, பெலட் போகும் திசையில், பின்னிருந்து முன்னுக்கு, இழுங்கள். முதல் துணி கறுப்பாக வரும், அது வழமை. பழுப்பாக வந்தால் துரு. இரும்புக் கம்பியை வாய்ப்பக்கத்தால் விட்டுக் குத்தினால் குழலின் முனை கீறும், பிறகு எந்தப் பெலட்டும் உதவாது. துடைத்த பிறகு முதல் பத்து இருபது வெடி அலையும், அதைப் பார்த்துப் பயந்து பார்வையைத் திருக வேண்டாம். சுட்டு முடிந்து பையில் வைக்கும்போது ஸ்பொஞ்ச் பையில் மாதக்கணக்கில் மூடி வைக்காதீர்கள், ஸ்பொஞ்ச் ஈரத்தை உறிஞ்சி ரைபிளுக்கே கொடுக்கும். அலுமாரியில் எழுத்து அனுமதியோடு பூட்டி நிறுத்தி வையுங்கள். கொண்டுபோகும்போதும் கழகக் கடிதம், அனுமதிப் பத்திரம் கையோடு இருக்கட்டும். கொழும்பின் காலி வீதியில் நீளமான பையோடு போகும் தமிழ்ப் பிள்ளைக்கு அந்தக் கடிதம் குறிப்பார்வையைவிட முக்கியம்.

ஸ்பிரிங் ரைபிளில் புகையும் எரிந்த மணமும் வருகிறது

பழகுவதற்குப் பழைய ஸ்பிரிங் ரைபிள் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இது. அழுத்த அறைக்குள் எண்ணெய் போய், அமுக்கும் சூட்டில் பற்றிக்கொள்கிறது. தையல் மெசின் எண்ணெயையோ டபிள்யூடி-40ஐயோ ஓட்டைக்குள் விட்ட யாரோ ஒருவரின் வேலையாக இருக்கும். வேகம் கண்டபடி ஏறி இறங்கும், சீல் கருகும். மேலும் எண்ணெய் விடாமல் நிறுத்தி, திருத்துபவரிடம் கொடுங்கள். பெலட் இல்லாமல் வெறுமனே சுடவும் வேண்டாம், பிஸ்டன் போய் முனையில் அடிக்கும். புகை இல்லாமல் வேகம் மட்டும் குறைந்தால், நிரப்புவதற்காகக் குழல் மடியும் மூட்டுக்கு மேல் மெல்லிய ரிஷு தாள் ஒன்றை வைத்து இலக்குப் பெட்டிக்குள் ஒரு வெடி விடுங்கள். தாள் துள்ளினால் அந்த மூட்டுச் சீல் தேய்ந்துவிட்டது.

எல்லாம் பார்த்தாயிற்று, இன்னும் சரிவரவில்லை

திருத்துபவரிடம் "குறி தப்புது" என்று மட்டும் சொல்லிக் கொடுத்தால் அவரும் ஒன்றிலிருந்து தொடங்குவார், உங்கள் ரைபிள் அங்கே மாதக்கணக்கில் கிடக்கும். மணல் பையில் சுட்ட 10 வெடி அட்டை, பெலட்டின் பெயர், தலை அளவு, லொட் இலக்கம், சுடத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் மானி காட்டிய அழுத்தம், நீங்கள் மாற்றிப் பார்த்தவை எந்த வரிசையில் என்பது, இவ்வளவையும் ஒரு தாளில் எழுதிப் பையோடு வைத்துக் கொடுங்கள். நீங்கள் பாவிக்கும் அதே ரின்னில் கொஞ்சம் பெலட்டையும் சேர்த்துக் கொடுங்கள், இல்லாவிட்டால் அவர் தன்னிடம் கிடக்கும் ஏதோ ஒன்றைப் போட்டுச் சுட்டுப் பார்த்துவிட்டு ரைபிள் நல்லது என்று திருப்பித் தருவார்.